புங்கமரம் வளைந்து கொடுத்த கதை

இது கொஞ்சம் நீளமான பதிவு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நிதானமாகப் படியுங்கள். ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

ஏழாம் வகுப்புப் படிக்கும் என் பேத்திக்குப் பள்ளியில் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார்கள். பெரிய சார்ட் அட்டையில் குடும்ப மரம் வரைய வேண்டும். கீழே ஒரு பக்கத்துக்கு 'எங்கள் குடும்பம் எங்கிருந்து வந்தது' என்று எழுத வேண்டும். அவள் நேராக என்னிடம் வந்தாள். முப்பத்து நாலு வருஷம் சரித்திரம் நடத்தியவனிடம் பேத்தி சரித்திரம் கேட்டால் சும்மா இருப்பேனா? நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் அவ்வா எனக்குச் சொன்ன கதையை அதே ராகத்தில் எடுத்து விட்டேன்.

எங்கள் பூர்விகம் கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல் காட்டில் ஒரு சிற்றூர். எட்டயபுரம் ஜமீனுக்கு உட்பட்டிருந்தது. சம்சாரிக் குடும்பம். அந்தப் பக்கத்தில் விவசாயி என்று யாரும் சொல்வதில்லை, சம்சாரி என்றுதான் சொல்வார்கள். வீட்டில் பேசுவது தெலுங்கு, எழுதுவது தமிழ், கனவு காண்பது இரண்டிலும். கதை இதுதான்: வடக்கே எங்கள் ஆட்கள் செல்வாக்காக இருந்தார்கள். வீட்டில் ஒரு பெண், அப்படி ஒரு அழகு. துலுக்க ராஜா பெண் கேட்டு ஆள் அனுப்பினான். கொடுக்க மனமில்லை, மறுக்கத் தைரியமில்லை. ராத்திரியோடு ராத்திரியாக வண்டி கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். பின்னாலேயே குதிரைப்படை. முன்னால் ஆற்றில் வெள்ளம். சாமியைக் கும்பிட்டதும் கரையில் நின்ற புங்கமரம் வளைந்து அக்கரையைத் தொட்டது. எல்லோரும் மரத்தின் மேல் நடந்து கடந்ததும் மரம் நிமிர்ந்துகொண்டது. அன்றையிலிருந்து புங்கமரத்தை நாங்கள் வெட்டுவதில்லை, அடுப்பிலும் வைப்பதில்லை.

பேத்தி வாயைப் பிளந்து கேட்டாள். அழகாக எழுதினாள், படமும் போட்டாள். மறுநாள் வகுப்பில் எழுந்து படித்திருக்கிறாள்.

சாயங்காலம் வந்தவள் பையை வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தாள். விசாரித்தால், பக்கத்தில் உட்காரும் தோழி அன்றைக்கு இவளோடு சாப்பிட வரவில்லையாம். மூன்றாம் வகுப்பிலிருந்து டிபன் பாக்ஸை மாற்றி மாற்றிச் சாப்பிடுகிற பிள்ளைகள். அந்தப் பெண் முஸ்லிம். "தாத்தா, அந்த ராஜா நிஜமா? அவன் பேர் என்ன? எந்த வருஷம்?" என்று பேத்தி கேட்டாள்.

ஒரு மாணவி கேட்கவேண்டிய கேள்விதான். என்னிடம் பதில் இல்லை. அந்த மூன்று கேள்விகளை நான் என் வகுப்பில் ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன். என் அவ்வாவிடம் ஒருமுறையும் கேட்டதில்லை. 'துலுக்க ராஜா' என்ற சொல்லையும் யோசிக்காமல் குழந்தையின் நோட்டில் ஏற்றிவிட்டேன். தப்பு என்னுடையது. அதைச் சரிசெய்யத்தான் இந்த ஒரு மாதமாக அலமாரியைக் குடைந்தேன். கிடைத்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் அந்தக் கதை. கரிசல்காரர்களுக்கு இது புதிதல்ல. இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் 1976-ல் வெளியிட்ட 'கோபல்ல கிராமம்' நாவலின் முதுகெலும்பே இந்தக் கதைதான். அங்கே சென்னாதேவி என்ற பெண். ஒரு முதிய பாட்டி கதையைச் சொல்கிறாள். ஆற்றங்கரையில் மரம் வளைகிறது. தெற்கே வந்தவர்கள் காட்டைத் தீ வைத்து அழித்து ஊர் உண்டாக்குகிறார்கள். அதன் தொடர்ச்சியான 'கோபல்லபுரத்து மக்கள்' 1991-ல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்றது. நான் இளவயதில் கோபல்ல கிராமத்தைப் படித்தபோது 'எங்கள் வீட்டுக் கதையை இவருக்கு யார் சொன்னது' என்று கோபம்கூட வந்தது. அந்தக் கோபம் எவ்வளவு அசட்டுத்தனம் என்பது பிறகுதான் விளங்கியது. அது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. அவர் வீட்டுக் கதை மட்டும் இல்லை.

1906-ல் டபிள்யூ. பிரான்சிஸ் தொகுத்த மதுரை மாவட்ட கெஜட்டியரை எடுத்துப் பாருங்கள். கம்பம் பள்ளத்தாக்கில் கன்னடம் பேசும் காப்பிலியர்கள் இதே கதையைச் சொல்கிறார்கள்: துரத்தல், வெள்ளம், புங்கமரம், பாலம் எல்லாம் அப்படியே. தெலுங்கு பேசும் தொட்டிய நாயக்கர்களும் சொல்கிறார்கள். 1909-ல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய ஏழு தொகுதிகளிலும் இது வருகிறது. மொழி வேறு, சாதி வேறு, புறப்பட்ட ஊர் வேறு. மரம் மட்டும் ஒன்றே.

இன்னும் கொஞ்சம் தள்ளிப் போங்கள். நகரத்தார் ஏன் பூம்புகாரை விட்டுப் பாண்டிய நாட்டுக்கு வந்தார்கள்? அவர்கள் குலத்துப் பெண்ணை ராஜா கவர்ந்தான் என்று அவர்கள் மரபு சொல்கிறது. அந்த ராஜா துலுக்கன் இல்லை, சோழன்! ராஜஸ்தானில் ஜெய்சால்மர் பக்கம் குல்தாரா என்றொரு பாழடைந்த ஊர். சுற்றுலாப் பயணிகளுக்கு இப்போது பேய் ஊர் என்று காட்டுகிறார்கள். அங்கே இருந்த பாலிவால் பிராமணர்கள் 84 ஊர்களை ஒரே இரவில் காலிசெய்தார்களாம். காரணம், திவான் சாலிம் சிங் ஊர்த் தலைவரின் மகள்மேல் கண் வைத்தான். பெயரைப் பார்த்து அவசரப்பட வேண்டாம், அவர் முஸ்லிம் அல்ல. ஆய்வாளர்கள் அங்கே பார்த்துவிட்டு, கிணற்றில் தண்ணீர் வற்றியதும் வரிச்சுமையும்தான் நிஜக் காரணமாக இருக்கும் என்கிறார்கள்.

ஆக, குடிபெயர்ந்தவர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கதை இருக்கிறது. வில்லன் நாற்காலியில் அந்தந்த ஊருக்கு ஏற்றபடி யாரையாவது உட்காரவைத்துக்கொள்கிறார்கள். எனக்குத் தோன்றுவது இது (ஆய்வு முடிவு இல்லை, ஒரு கிழவனின் அபிப்பிராயம்): 'வரி கட்ட முடியவில்லை', 'போரில் தோற்ற பக்கம் நின்றோம்', 'மழை இல்லை' என்று பேரப்பிள்ளைகளிடம் சொல்ல எந்தத் தாத்தாவுக்கும் பிடிக்காது. 'மானத்துக்காக வந்தோம்' என்றால் தலை நிமிரும்.

சரி, கதையைக் கழித்துவிட்டால் கையில் என்ன மிச்சம்?

ஒன்று, வீட்டுப் பெயர். தெலுங்குக் குடும்பங்களில் ஆளின் பெயருக்கு முன்னால் ஒரு வீட்டுப் பெயர் இருக்கும். இன்ட்டி பேரு என்போம். ஒரே வீட்டுப் பெயர்க்காரர்கள் பங்காளிகள், பெண் கொடுத்து எடுக்க முடியாது. கல்யாணத்துக்குத் தேவைப்பட்டதால்தான் நானூறு வருஷமாக அது மறக்கப்படாமல் இருக்கிறது. இந்த வீட்டுப் பெயர்களில் பல, புறப்பட்ட ஊரின் பெயர்கள். குருவிகுளம் ஜமீன் குடும்பத்துக்குப் பெம்மசானி என்று வீட்டுப் பெயர். இளையரசனேந்தல் ஜமீனுக்கு ராவெல்லா. இவை ஆந்திரச் சரித்திரத்தில் அடிபடும் பெயர்கள். பெம்மசானி நாயக்கர்கள் இன்றைய கடப்பை மாவட்டத்தில் பெண்ணாற்றுப் பள்ளத்தாக்கின் விளிம்பில் நிற்கும் கண்டிக்கோட்டையை ஆண்டவர்கள், விஜயநகர அரசர்களின் படைத்தலைவர்கள். 1565-ல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் நொறுங்கியது. அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் தாக்குப்பிடித்த கண்டிக்கோட்டையை 1650-ல் கோல்கொண்டாவின் தளபதி மீர் ஜும்லா பிடித்தார். அவரை அங்கேயே போய்ச் சந்தித்த பிரெஞ்சு வைர வியாபாரி தாவர்னியே அதைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்.

இதுதான் பேத்தி கேட்ட ராஜாவா? நானும் ஒரு ராத்திரி பூராவும் அப்படித்தான் நினைத்துக் குதூகலித்தேன். காலையில் நிதானமாக யோசித்தால் ஒட்டவில்லை. தெலுங்குக்காரர்களின் தெற்கு நோக்கிய நடை 1650-க்கு நூறு வருஷத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1529-ல் விசுவநாத நாயக்கர் மதுரையில் ஆட்சியை அமைத்தார். அவரும் தளவாய் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தார்கள் என்பது நாம் பள்ளியில் படித்ததுதான். படையோடு வந்தவர்கள், படைக்குப் பின்னால் வந்தவர்கள், இடம் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு வந்தவர்கள், வடக்கே கோட்டை விழுந்ததால் வந்தவர்கள் எல்லோரும் அதில் உண்டு. ஒரே ராத்திரியில் நடந்ததில்லை. கண்டிக்கோட்டையிலிருந்து கோவில்பட்டிக்கு இன்றைய சாலையில் 700 கிலோமீட்டருக்கு மேல். மாட்டு வண்டி நாளைக்கு 20 கிலோமீட்டர் போனாலும் நிற்காமல் 35 நாள். நடுவில் பாலாறு, தென்பெண்ணை, காவிரி, வைகை. எங்கள் அவ்வா கதையில் ஒரே ஒரு ஆறுதான். மற்ற ஆறுகளையெல்லாம் யார் எப்போது கடந்தார்கள்? ஒரு தலைமுறை ஆற்காட்டுப் பக்கம், ஒரு தலைமுறை திருச்சிப் பக்கம் என்று தங்கித் தங்கித்தான் வந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

ஏன் குறிப்பாகக் கரிசலுக்கு? எனக்கு இந்த ஒரு மாதத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

தாமிரபரணிக் கரையில் நெல் விளையும் நஞ்சை நிலம் முழுக்கக் கோயில்களுக்கும் பழைய குடிகளுக்கும் எப்போதோ பங்கு போய்விட்டது. புதிதாக வருபவனுக்கு அங்கே கால் வைக்க இடமில்லை. வடகிழக்கே கரிசல் விரிந்து கிடந்தது. கரிசல் சாதாரண மண் இல்லை. மழை பெய்தால் பசை மாதிரி காலைப் பிடிக்கும், காய்ந்தால் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும். இதைக் கனமான கலப்பையும் திடமான உழவு மாடும் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது. ஈரம் பார்த்து உழவேண்டும், ஒரு வாரம் தவறினால் வருஷமே போச்சு. ஆனால் ஈரத்தை அடியில் பிடித்து வைத்துக்கொள்ளும் மண். கிணறு இல்லாமல், கால்வாய் இல்லாமல், வானத்தை மட்டும் நம்பிப் பருத்தியும் கம்பும் சோளமும் எடுக்கலாம். கடப்பை, கர்னூல், பல்லாரிப் பக்கத்தில் இருப்பதும் இதே கறுப்பு மண். அங்கே தலைமுறை தலைமுறையாக அதில் உழன்றவர்களுக்கு இதைக் கையாளத் தெரிந்திருந்தது. டேவிட் லட்டன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் திருநெல்வேலி உழுகுடிகளைப் பற்றி 1985-ல் ஒரு நல்ல புத்தகம் எழுதினார். வடுகர்கள் கரிசலில் குடியேறிய கதையை மண்ணோடு சேர்த்துப் பார்க்க எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்தப் புத்தகம்தான்.

தெலுங்கில் இந்த மண்ணுக்கு ரேகடி என்று பெயர். பூகோளப் பாடத்தில் வரும் 'ரெகூர்' இந்தத் தெலுங்குச் சொல்லிலிருந்து வெள்ளைக்காரன் எடுத்ததுதான். என் தாத்தா 'நல்ல ரேகடி' என்பார். சின்ன வயதில் நான் அதை 'நல்ல மண்' என்று தமிழாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். தெலுங்கில் 'நல்ல' என்றால் கறுப்பு. அவருக்கு இரண்டும் ஒன்றுதான் போலிருக்கிறது.

ஆக, மரம் வளைந்ததால் வந்தோமோ இல்லையோ, மண் பழகியதால் தங்கினோம். அது நிச்சயம்.

இரண்டாவது ஆதாரம், காகிதம். இதில் சமஸ்தானக்காரர்களுக்கு வசதி அதிகம். காலின் மெக்கன்சி இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் ஊர் ஊராக ஆள் அனுப்பிப் பாளையக்காரர்களின் வம்சாவளிகளை எழுதி வாங்கினார். அவற்றில் ஒரு பகுதி சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. எட்டயபுரம் ஜமீனுக்கு 1879-ல் 'வம்சமணி தீபிகை' என்று அச்சுப் புத்தகமே வந்தது. அதைத் திருத்தி நல்ல தமிழில் எழுதித் தருகிறேன் என்று 1919-ல் பாரதி ஜமீன்தாருக்குக் கடிதம் எழுதியதும், அது நடக்காமல் போனதும் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். இந்த வம்சாவளிகளை வாசிக்கும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டது 1799-ல். மிஞ்சிய பாளையங்களைக் கம்பெனி ஜமீன்களாக மாற்றியது அதை ஒட்டிய சில ஆண்டுகளில். 'இந்த நிலம் எங்களுக்கு எப்படி வந்தது' என்று நிரூபிக்க வேண்டிய காலம் அது. சரித்திரம் எழுதியவன் பாதி வக்கீலாகவும் இருந்தான்.

சம்சாரி வீட்டில் வம்சாவளி ஏது? எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் இருப்பதில் பழையது என் கொள்ளுத்தாத்தா நாலு குறுக்கம் புஞ்சை வாங்கிய பத்திரம். எழுதியது தமிழில். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ஒரு கீறல், பக்கத்தில் எழுத்தர் கையால் 'தற்குறி' என்று எழுதியிருக்கிறது. அந்தக் கீறலை விரலால் தடவிப் பார்த்தேன். காகிதத்தில் சின்னப் பள்ளம் விழுந்திருக்கிறது. அழுத்தித்தான் போட்டிருக்கிறார்.

அவர் தாது வருஷத்துப் பஞ்சத்தில் சிறுவனாக இருந்தவர். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய அந்தப் பஞ்சத்தைப் பற்றி எங்கள் வீட்டில் மரம் வளைந்த கதை மாதிரி ராகம் போட்டு யாரும் சொன்னதில்லை. 'தாது வருஷத்துல ஈச்சங்கிழங்கு தின்னோம்' என்று ஒரே வரி. அவ்வளவுதான். நடந்தது நிச்சயம் என்று தெரிந்த விஷயத்துக்கு ஒரு வரி, நடந்ததா என்று தெரியாத விஷயத்துக்கு ஒரு ராத்திரிக் கதை. அதே 1876-ல்தான் மதுரையிலிருந்து கோவில்பட்டி வழியாகத் தூத்துக்குடிக்கு ரயில் வந்தது. பஞ்சத்துக்குப் பிழைத்தவர்கள் அதே தடத்தில் தூத்துக்குடிக்குப் போய்க் கப்பல் ஏறிக் கொழும்புக்கும் தேயிலை, காப்பித் தோட்டங்களுக்கும் போனார்கள். எங்கள் பங்காளிகளில் ஒரு கிளை அப்படிப் போனதாகக் கேள்வி. வடக்கேயிருந்து வந்த கதை இருக்கிறது, தெற்கே போனவர்கள் கதை இல்லை.

அப்புறம் பருத்தி. அமெரிக்காவில் 1861-ல் உள்நாட்டுப் போர் மூண்டு லங்காஷயர் ஆலைகளுக்குப் பஞ்சு நின்றுபோனபோது, நம் கரிசல் பருத்திக்கு எங்கும் இல்லாத விலை. போர் 1865-ல் முடிந்ததும் விலை சரிந்தது. 1901-ல் கோவில்பட்டியில் பருத்திக்காக அரசு ஆராய்ச்சிப் பண்ணை வந்தது. கருங்கண்ணிப் பருத்தி பேர் வாங்கியது. 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம். அதுவரை ஜமீனுக்குத் தீர்வை கட்டியவர்கள் சர்க்காருக்கே நேராகக் கட்டினார்கள். இதையெல்லாம் விரித்தால் இன்னொரு பதிவாகும், விட்டுவிடுகிறேன். என் தலைமுறையில் உழவு போய்விட்டது. மழையும் தீப்பெட்டி ஆபீசும் சர்க்கார் வேலையும் சேர்ந்து ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. நான் ஆசிரியர் பயிற்சி முடித்துச் சென்னைக்கு வந்தேன். எங்கள் புஞ்சையில் இப்போது வேலிக்கருவேல் நிற்கிறது. வாங்கிக்கொள்கிறோம் என்று சோலார் கம்பெனிக்காரர்கள் கேட்கிறார்கள். தம்பி விற்றுவிடலாம் என்கிறான். பெட்டியில் பத்திரத்தைத் தேடியதற்கு அதுவும் ஒரு காரணம் என்பதை மறைக்கவில்லை.

நாங்கள் வந்தபோது கரிசல் காலியாகக் கிடந்ததா என்றும் பேத்தி கேட்டாள். நாவலில் காட்டை அழிக்கிறார்கள். காட்டிலும் யாராவது ஆடு மேய்த்திருப்பார்கள், வேட்டையாடியிருப்பார்கள். எங்கள் ஊரில் கமலை இறைத்த காலத்தில் கிணற்றுக்குத் தோல் பை தைத்துக் கொடுத்த அருந்ததியர் வீடுகளிலும் தெலுங்குதான் பேசினார்கள். நாங்கள் நடந்த அதே வழியில் அவர்களும் நடந்து வந்திருக்கக்கூடும். அந்தப் புங்கமரத்தின் மேல் அவர்களும் ஏறினார்களா என்று எங்கள் வீட்டுக் கதையில் ஒரு வார்த்தை கிடையாது. என் தாத்தாவோடு ஐம்பது வருஷம் அதே காட்டில் வேலை செய்த பெரியவரின் அப்பா பெயர் எனக்குத் தெரியாது. கேட்கத் தோன்றியதே இல்லை.

இப்போது நாங்கள் இருக்கும் இடத்துக்கு வருகிறேன். தியாகராய நகரில் கடை இருக்கிறது, துணி இருக்கிறது, நகை இருக்கிறது. சரித்திரம் இருக்கிறதா என்று கேட்பவர்கள் உண்டு. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை பிறைபோல வளைந்து கிடந்த பெரிய ஏரியை 1920-களில் வடித்து, தூர்த்து, மனை போட்டதுதான் தி.நகர். வெள்ளைக்காரர்கள் அந்த ஏரியில் படகுப் பந்தயம் விட்டிருக்கிறார்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்றும் இருக்கிறது, லேக்தான் இல்லை. நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் பெயரை நகருக்கு வைத்தார்கள். அவரும் தெலுங்கு பேசும் நெசவாளர் குலத்தில் வந்தவர். அந்தக் கட்சியின் முதலமைச்சராக இருந்த பனகல் அரசர் பெயரில் நடுவில் பூங்கா. ஏரி என்றால் பாசனம், பாசனம் என்றால் வயல், வயல் என்றால் உழுதவர்கள். மாம்பலம் ஏரித் தண்ணீரில் உழுதவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று எங்கே இருக்கிறார்கள்? அவர்கள் வீட்டுக் கதையில் நாங்கள்தான் வடக்கேயிருந்தோ தெற்கேயிருந்தோ வந்து இடத்தைப் பிடித்தவர்கள். 2015 டிசம்பரில் எங்கள் தெருவில் முழங்கால் வரை தண்ணீர் நின்றபோது எதிர்வீட்டுக்காரர் மாநகராட்சியைத் திட்டிக்கொண்டிருந்தார். நான் சார், இது ஏரிங்க என்றேன். அவருக்குக் கோபம்.

கடைசியாக ஒரு கணக்கு. என்னால் பெயர் சொல்ல முடிந்தது எனக்கு மேலே நாலு தலைமுறை. 1650-லிருந்து எண்ணினால், தலைமுறைக்கு 25 வருஷம் என்று வைத்தாலும், 15 தலைமுறை. நடுவில் பதினொன்று இருட்டு. பேத்திக்கு இன்னொன்றும் கணக்குப் போட்டுக் காட்டினேன். அப்பா அம்மா இரண்டு பேர், தாத்தா பாட்டி நாலு பேர், அதற்கு மேல் எட்டு. இப்படி 15 தலைமுறை போனால் 32,768 இடம் வருகிறது. வீட்டுப் பெயர் அதில் ஒரே ஒருவரைத்தான் பின்தொடர்ந்து போகிறது. மற்ற 32,767 இடங்களில் யார் யார் இருந்தார்களோ! தமிழ் பேசியவர், கன்னடம் பேசியவர், மரத்தில் ஏறியவர், குதிரையில் துரத்தியவர் என்று எவர் வேண்டுமானாலும் இருக்கலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை பேத்தியைக் கூட்டிக்கொண்டு அவள் தோழி வீட்டுக்குப் போனேன். நாலு தெரு தள்ளித்தான். அந்தப் பெண்ணின் தாத்தா கதவைத் திறந்தார், என் வயதுதான் இருக்கும். விஷயத்தைச் சொன்னேன், கதையைச் சொன்னது நான்தான் என்றும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு "உட்காருங்க சார், டீ சாப்பிடுவோம்" என்றார். பூர்விகம் எது என்று கேட்டேன். காயல்பட்டினம். எங்கள் கோவில்பட்டியிலிருந்து ஒரு காலைப் பொழுது பஸ் பயணம். காயல் துறைமுகத்தை 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ பார்த்து எழுதியிருக்கிறார். அந்த மண்ணில் விசுவநாத நாயக்கர் வருவதற்கு முன்பே தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசிக்கொண்டிருந்த ஊர். அவர் வீட்டில் உருது ஒரு வார்த்தை தெரியாது, தமிழ் மட்டும்தான். "அப்ப நீங்கதான் சார் எங்க ஊருக்கு வந்தவங்க," என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். உள்ளே பிள்ளைகள் இருவரும் எதையோ தின்றுகொண்டே பேசும் சத்தம் கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் பேத்தி சார்ட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கதையை எடுக்கவில்லை. அதன் கீழே 'இந்தக் கதையைப் பல ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள், ராஜாவின் பெயர் யாருக்கும் தெரியாது' என்று எழுதினாள். பிறகு மரத்தில் விரல் வைத்து, "தாத்தா, கொள்ளுத்தாத்தா பக்கத்துல கட்டம் காலியா இருக்கு. அவர் பொண்டாட்டி பேர் என்ன?" என்றாள்.

நாலு குறுக்கம் புஞ்சைக்கு எல்லை சொல்லும் அந்தப் பத்திரத்தில், கிழக்கே யார் பொழி, மேற்கே யார் பொழி என்றெல்லாம் இருக்கிறது. அந்த அம்மாவின் பெயர் இல்லை. ஊரில் இருக்கும் பெத்தம்மாவுக்குப் போன் போட்டேன். தொண்ணூறு தாண்டிவிட்டது, காது மந்தம். "மருமகளை யாருப்பா பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க? கிழக்கு வீட்டுக்காரின்னுதான் எங்க மாமியார் சொல்லுவாங்க," என்று வைத்துவிட்டாள்.

நேற்று ராத்திரி ஒன்பதரைக்கு அவளே கூப்பிட்டாள். சாமிப் பெட்டியில் வருஷா வருஷம் வைத்துக் கும்பிடும் சேலை யாருடையது என்று யோசித்துக்கொண்டே படுத்திருந்தாளாம், பெயர் நினைவுக்கு வந்துவிட்டதாம். இரண்டு முறை சொன்னாள். பேத்தி தூங்கப் போனவள் எழுந்து வந்து காலிக் கட்டத்தில் அந்தப் பெயரைப் பென்சிலால் எழுதினாள். பேனாவாலேயே எழுதும்மா என்றேன்.